அவர்னு எழுதினது

என் குட்டிக்கு சித்தி எழுதறது. கர்த்தர் கிருபையில உடம்புக்கு ஒண்ணும் இல்ல, மனசைப் பத்திச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி. நீங்க ரெண்டு பேரும் சுகமா இருக்கணும். சலவைக் கடையில புது இஸ்திரி மெஷின் வந்திருக்கு, ஆவி மூஞ்சியிலயே அடிக்குது, அதை விடு. போன வாரம் உன் கண்டக்டர் மாமா திடுதிப்புன்னு வந்து நின்னார். செருப்பைக்கூடக் கழட்டல, டிக்கெட் எடுக்காதவனைத் தேடற மாதிரி கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாத்தார், கழுவி வச்ச டம்ளரை மோந்து பாத்தார், அம்பத்தஞ்சு வயசுல உனக்கு ஆள் கேக்குதா, யாருடி அவன்னு கத்தினார். எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல. அப்புறம் போனை நீட்டினார். என் கையெழுத்து. உனக்கு எழுதினதை நீ படம் பிடிச்சு அவருக்கு அனுப்பியிருக்கே.

விடியறதுக்கு முன்னாடி அவர் வர்றார், வந்தா வேலைக்குக் கிளம்பவே மனசு வரலைன்னு எழுதினேன், வாஸ்தவம். வேதத்துல ஒரு பொண்ணும் ராஜாவும் ஒருத்தரையொருத்தர் தேடற காதல் பாட்டு இருக்கே, முன்னெல்லாம் வெக்கப்பட்டு அந்தப் பக்கத்தையே தள்ளிடுவேன். இப்போ தினம் காலையில அதைத்தான் வாசிக்கறேன். அந்தப் பொண்ணு என் ஆத்துமா, தேடி வர்றவர் ஆண்டவர்னு மெல்ல மெல்லப் புரிஞ்சுது. மூச்சு ஓடற இடத்துலயே வந்து உக்காந்துக்கறார், அப்புறம் அவர் வேற நான் வேறன்னு பிரிக்கத் தெரியல. அப்படிப்பட்டவரைப் பேர் சொல்லியா எழுதுவாங்க? உயிரோட இருந்தவரைக்கும் உன் சித்தப்பாவையே நான் பேர் சொன்னதில்ல. அதான் அவர்னு எழுதினேன்.

யாரு சித்தி அவர்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சிரிச்சுக்கிட்டே சொல்லியிருப்பேனே. நீ இப்போ கட்டியிருக்கறவனைப் பத்தி மொதமொத என்கிட்ட சொன்னப்போ மூணு வருஷம் வயித்துக்குள்ளயே வச்சிருந்தேன், மாமா காதுக்கு ஒரு எழுத்து போகல.

அதைவிடப் பெரிசு ஒண்ணு. மாமா போட்ட சத்தத்துல மாடிப்படியெல்லாம் ஆளு கூடிடுச்சு. நான் மானத்துக்குப் பயந்து, இங்க யாரும் வர்றதில்ல, சத்தியமா யாருமே இல்லன்னு சொல்லிட்டேன். நீ என்னைக் காட்டிக் கொடுத்தே, நான் அவரை மறுதலிச்சேன். அன்னையிலேர்ந்து காலையில உக்காந்தா வெறும் எழுத்துதான் தெரியுது.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கோ. மறக்காம மாமாவுக்குப் போன் போடு, என் மானத்துக்காக இல்ல. நான் இல்லைன்னு சொன்னவரை நீயாவது இருக்கார்னு சொல்லு.

உன்னை இன்னமும் என் பிள்ளைன்னே சொல்லிக்கிட்டிருக்கற,
சித்தி