பேதுருவின் காலில் என்ன இருந்தது

என் அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நான் நலம், உன் அப்பாவின் கால்விரல்களில் ஒன்பது மிகவும் நலம். பத்தாவதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம், அதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காராதே, அதுவும் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. நீயும் அங்கே நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதையெல்லாம் உன்னிடம் போனில் சொல்லக் கூடாது என்று உன் அப்பா என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. நாலாம் வகுப்போடு நின்றவள் பக்கம் பக்கமாக எழுதுவாள் என்று பாவம் அவர் கனவா கண்டார்.

நம் சபைக்குப் புதிதாக ஒரு போதகர் வந்திருக்கிறார் என்று சொன்னேன் அல்லவா, மீசை இப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது, ஆனால் பிள்ளை தங்கம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இயேசு சீஷர்களுடைய கால்களைக் கழுவின பகுதியை வாசித்துவிட்டு, அடுத்த ஞாயிறு நானும் சபையில் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவேன் என்று அறிவித்துவிட்டார். அந்தப் பன்னிரண்டில் உன் அப்பாவும் ஒருவர். அந்த ஒரு வாரம் இங்கே நடந்த கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கடைத்தெருவில் கால் தேய்க்கிற கல் ஒன்றுகூட மிச்சமில்லை. எலக்ட்ரிக் கடைக்காரர் கல்லாவுக்குக் கீழே வாளியில் வெந்நீர் வைத்துக் காலை ஊறப்போட்டுக்கொண்டு, பல்பு கேட்டு வந்தவர்களிடம், நீங்களே எடுத்துக்குங்க, நான் எந்திரிக்க முடியாது, கால் ஊறுது என்றாராம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை கால்விரல் நகத்துக்கெல்லாம் சாயம் பூசிவிட்டு, ஆண்டவர் சந்நிதியில் இது எதற்கு என்று பயந்துபோய்ச் சுரண்டிப்போட்டு, இப்போது நகம் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் மாதிரி இருக்கிறது. கடைசியில் போதகர் கழுவினார், தட்டில் விழுந்த தண்ணீரைப் பார்த்தால் குடிக்கலாம் போல அவ்வளவு சுத்தம். கல்யாண வீட்டுக்கு வீட்டிலேயே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகிற மாதிரி. அந்தக் காலத்துச் சீஷர்களுக்கு யாரும் ஒரு வாரம் முன்னாடி அறிவிப்புக் கொடுக்கவில்லை, அவர்கள் நடந்து வந்த மண்ணோடு உட்கார்ந்தார்கள், கழுவினதற்கும் அர்த்தம் இருந்தது. இதை நான் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்ததற்குப் பின் வரிசைக்காரி முறைத்தாள்.

உன் அப்பா ஆறாவது நாற்காலி. போதகர் தட்டோடு வந்து முட்டி போட்டார். இவர் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். வேண்டாம் பாஸ்டர், நீங்க போய் என் காலைத் தொடுறதா, நான் அதுக்குத் தகுதி இல்லாதவன் பாஸ்டர் என்று தழுதழுத்தார். சபையே உருகிப்போனது. போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேதுருவும் இப்படித்தான் சொன்னான், என் கால்களை நீர் ஒருபோதும் கழுவக் கூடாது என்றான் என்று சொல்லி அடுத்தவருக்கு நகர்ந்தார். அடுத்த ஞாயிறு பிரசங்கம் முழுக்க உன் அப்பாவின் தாழ்மைதான். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஒவ்வொருத்தியும் என் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா, நீங்க குடுத்து வச்சவங்க என்கிறாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தாழ்மையாம்! வாடகை வீட்டு மீட்டர் பெட்டியிலேயே தன் பெயரைச் சாயத்தில் எழுதி வைத்த மனுஷன். பள்ளிக்கூட வேனை ஓட்டிக்கொண்டு போகும்போது கப்பலையே ஓட்டுகிற மாதிரி உட்கார்ந்திருப்பார், உனக்குத் தெரியாததா.

அதனால் அன்று சாயங்காலம் அவரைக் கொஞ்சம் சீண்டலாம் என்று, துணி அலசுகிற பேசினில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். பேதுரு ஐயா, காலைக் குடுங்க, பாஸ்டர் கழுவினாத்தானே கூச்சம், பெண்டாட்டி கழுவினா என்ன என்றேன். ஏய், விளையாடாதே, தள்ளிப் போ என்றார். அவர் தள்ளிப் போ என்றால் நான் கிட்டே போகிறவள்தானே, இடது காலைப் பிடித்துச் சாக்ஸை உருவினேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்த மனுஷன் மூன்று வாரமாகத் தூங்கும்போதுகூடச் சாக்ஸ் போட்டிருக்கிறார், கேட்டால் குளிருதுடி என்பார், நானும் வயசாகுது என்று கேலி பண்ணிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். சாக்ஸ் வரவில்லை. சுண்டு விரலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுத்தால், விரலுக்கு அடியில் என் கட்டைவிரல் அகலத்துக்குப் புண், கறுத்துப்போய், ஒரு மாதிரி வாடையோடு. வாயில் இருந்த சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது மகளே. வலிக்கலையாங்க என்று கேட்டேன். வலிச்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா என்றார், பிறகு அவரே தலையைக் குனிந்துகொண்டு, சொல்லியிருக்க மாட்டேன் என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரி. சர்க்கரை ஏறி ஏறிக் காலில் உணர்ச்சியே இல்லாமல் போயிருக்கிறதாம். டாக்டரம்மா ரொம்பக் கண்டிப்பு, இன்னும் பத்து நாள் கழிச்சு வந்திருந்தீங்கன்னா விரலை எடுத்திருப்போம், இப்பவும் என்னால வாக்குக் குடுக்க முடியாது என்றார். போட்டிருந்த ஷூவைக் காட்டச் சொன்னார். நீ அனுப்பிய கறுப்பு ஷூதான். டாக்டரம்மா அதைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினார், டக்கென்று ஒன்று விழுந்தது. நாலு ஓட்டை வைத்த சாம்பல் நிறப் பட்டன். தையல் கம்பெனியில் முடிக்க முடியாமல் நான் வீட்டுக்குக் கொண்டுவந்து தைக்கிற சீருடைக் காற்சட்டைப் பட்டன். உன் அப்பா அந்தப் பட்டனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா, பாருங்க டாக்டர், வீட்ல ஒரு பட்டன் குறையுதுன்னு இவ என்னை மூணு நாள் வறுத்தெடுத்தா, நான் அதைக் கூட்டிக்கிட்டே ஊரைச் சுத்தியிருக்கேன் என்றார். கண்டிப்பான டாக்டரம்மாவும் திரும்பிக்கொண்டு சிரித்தார், நான்தான் அழுதேன்.

ஏன் மறைத்தார் என்றால் இரண்டு காரணம். பள்ளிக்கூடத்தில் டிரைவர்களுக்கெல்லாம் இந்த மாதம் உடம்பு சோதனை, கால் புண் தெரிந்தால் வேன் சாவியை வாங்கிவிடுவார்கள். இரண்டாவது, ஷூ கடித்த புண் என்று நீ நினைத்துக்கொண்டு அங்கே மனம் வருந்துவாயாம். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஷூ மேல் ஒரு பழியும் இல்லை, பழி என் பட்டன் மேல். சாவியைப் பள்ளிக்கூடம் வாங்கியது உண்மைதான், ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை, ஆறிய பிறகு தருகிறோம் என்று வாசல் கேட்டில் உட்காரவைத்து விசில் கொடுத்திருக்கிறார்கள். அவர் ஊதுகிற ஊதலில் தெருவில் போகிற லாரியெல்லாம் நிற்கிறதாம்.

போதகர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். உன் அப்பா கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு, மன்னிச்சுக்குங்க பாஸ்டர், அது தாழ்மை இல்ல, புண்ணு என்றார். பிள்ளைக்கு முகம் வெளிறிப்போனது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முழுக்கத் தண்ணீரில் போயிற்றே. நான் சும்மா இருக்கவில்லை. பாஸ்டர், எனக்குப் படிப்பு கிடையாது, ஆனா ஒண்ணு கேக்குறேன், பேதுரு காலிலயும் ஏதாவது இருந்திருக்குமா, வலை இழுக்குற கால், கல்லுல மோதியிருக்கும், முள்ளு குத்தியிருக்கும், மத்தவங்கல்லாம் காலை நீட்டுனப்ப இவன் மட்டும் ஏன் வேண்டாம்னு இழுத்துக்கணும் என்றேன். அப்படி வேதத்துல எழுதலையேம்மா என்றார். எழுதலைன்னா இல்லைன்னு ஆயிடுமா, எங்க வீட்லயுந்தான் மூணு வாரமா எழுதலை என்றேன். அவர் வேதத்தைத் திறந்து, பேதுரு சொன்னதற்கு ஆண்டவர் கொடுத்த பதிலைப் படித்துக் காட்டினார். நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னோடு உனக்குப் பங்கில்லை என்று ஆண்டவர் சொல்கிறாராம். எத்தனையோ தடவை கேட்ட வசனம், அன்றுதான் மகளே அது என் மேல் வந்து விழுந்தது. இருபத்தெட்டு வருஷமாக ஒரே கட்டில், ஒரே போர்வை, அவர் குறட்டையில்கூட எனக்குப் பாதி உண்டு, அந்தப் புண்ணில் மட்டும் எனக்குப் பங்கில்லாமல் வைத்துவிட்டாரே. புண்ணைக் கண்டு வந்த பயத்தை விட இந்தக் கோபம்தான் பெரிதாக இருந்தது. போதகர் அடுத்த ஞாயிறு, உன் அப்பாவிடம் கேட்டுக்கொண்டு, மேடையிலேயே நின்று, நான் தாழ்மைன்னு சொன்னது புண்ணு என்று திருத்திச் சொன்னார். முடிந்ததும் எலக்ட்ரிக் கடைக்காரர் மெதுவாகப் போய், பாஸ்டர், எனக்கு ரெண்டு காதும் சரியாக் கேக்காது, நீங்க வந்ததுலேருந்து சும்மாதான் தலையாட்டிக்கிட்டு இருக்கேன் என்றாராம்.

இப்போது தினமும் காலையில் நான்தான் கழுவிக் கட்டுப் போடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா பார்த்துவிட்டு, விரல் தப்பிச்சிருச்சு என்றார். தப்பித்ததோ இல்லையோ, பேதுருவைப் போலவே இவரும் அடுத்த படிக்கு ஏறிவிட்டார், கால் மட்டும் போதாது, கையும் தலையும் கழுவும் என்று கேட்டானே, அதே மாதிரி நகம் வெட்டு என்கிறார், தலைக்கு எண்ணெய் தேய் என்கிறார். ராஜா வீட்டுப் பிள்ளை தோற்றான்.

நேற்று எண்ணெய் தேய்த்துக்கொண்டே, பங்கு பங்கு என்று அவருக்கு மறுபடியும் அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், எல்லாம் சரி, உன் சாக்ஸை எப்பக் கழட்டப்போற என்றார். நான் எங்கே சாக்ஸ் போட்டிருக்கேன் என்றேன். ரெண்டு மாசமா தினமும் ஒரே சங்கீதத்தைத்தான் வாசிக்கிற, அது உனக்கு மனப்பாடம், மத்த பக்கம் உனக்குத் தெரியலைன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா என்றார். உண்மைதான் மகளே. ஊசியில் நானே நூல் கோர்த்து எட்டு மாதம் ஆகிறது, பக்கத்து மிஷின்காரிதான் கோர்த்துத் தருகிறாள். கண் மங்கியது தெரிந்தால் வேலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை. பட்டன் காணோம் என்று அவரை வறுத்தெடுத்தேனே, அது முதலில் என் காலடியிலேயே கிடந்து, பிறகுதான் ஷூவுக்குள் போயிருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை. இந்தக் கடிதத்தில் எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவில் இருப்பதும் அதனால்தான். புதன்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், அவர் நொண்டிக்கொண்டு வழி காட்ட, நான் அவரைத் தாங்கிக்கொண்டு.

எங்கள் இரண்டு பேருடையதும் வெளியே வந்தாயிற்று, பாக்கி நீ. போனில் உன் முகம் மட்டும்தான் தெரிகிறது, நல்லா இருக்கேம்மா என்கிறாய், உன் அப்பாவும் மூன்று வாரம் அப்படித்தான் சொன்னார். வேலையிடத்தில் என்ன, உடம்பில் என்ன, மனசில் என்ன, எதுவானாலும் எழுது. கடிதத்தை நல்லா இருக்கேன் என்று ஆரம்பித்தால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடு. நாங்கள் முகம் சுளிக்க மாட்டோம், அம்மாவுக்கு இப்போது கழுவிப் பழக்கம்.

வேளைக்குச் சாப்பிடு, ஷூவைப் போடும் முன் ஒரு தட்டுத் தட்டிப் போடு. அப்பாவிடம் போனில் எதையும் தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளாதே, அவரே சொல்லட்டும், சொல்ல வைப்பது உன் சாமர்த்தியம். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் தலைமேல் தம்முடைய கையை வைத்திருப்பாராக.

இப்படிக்கு,
புதன்கிழமை கண்ணாடி போடப்போகிற,
உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா