காயாத துணிகள்

ஜூலை 9, இரவு

கொழும்பில் கடையில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர், பிள்ளையோடு நான் இருக்கும் படத்தை முகநூலில் போட்டிருக்கிறார். "உறங்காத தெய்வம் என் மனைவி" என்று மேலே எழுதியிருக்கிறார். எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இன்று அதே பேச்சு. பக்கத்து வீட்டு அக்கா, "கொடுத்து வச்சவ நீ" என்றார். தெய்வத்துக்கு இடுப்பு வலிக்காது. எனக்கு வலிக்கிறது.

சாயந்திரம் அவர் போனில் பேசினார்.

"எப்ப வருவீங்க? நான் தூங்கி எத்தன நாளாச்சு."

"லீவு இல்ல. பிள்ளையோட இன்னொரு படம் அனுப்பு."

"அவ அழுவுறா."

"அழுதாலும் அழகாத்தான் இருக்கும், அனுப்பு."

விடாத மழை. அடுப்புக்கு மேலே கொடியில் காயாமல் தொங்கும் பிள்ளைத் துணிகளைப் படமெடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டார். அதை மட்டும் இன்னும் போடவில்லை.