சப்பாத்தைக் கழற்றிவிட்டு வா

அடியே,

ஷார்ஜா விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என் சால்வை முழுக்கப் பன்னீர் மணக்கிறது. காலையில் பெட்டி அடுக்கும்போது துபாய் சத்வாவின் ஈரானியன் கடைப் பன்னீர்ப் போத்தலின் மூடி கழன்று கொட்டிவிட்டது. பக்கத்து இருக்கை மனுசன், கலியாண வீட்டிலிருந்து ஓடிவந்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்க்கிறார். நீ இருந்திருந்தால் அவர் சட்டையிலும் இரண்டு சொட்டுத் தெளித்திருப்பாய்.

இந்த மணம் வந்தால் எனக்கு நீதான் வருவாய். நத்தார்ப் பண்டிகை நெருங்கினால் சத்வாவில் எல்லா அறைக்காரருக்கும் பொதுவான அந்தக் குசினியை நீ பிடித்துக்கொள்வாய். லவ் கேக்குக்கு ரவை வறுபடும், கஜு அரைபடும், பன்னீர் போத்தல் திறந்தபடி கிடக்கும். யாராவது சோற்றுப் பானையோடு எட்டிப் பார்த்தால், "இண்டைக்கு அடுப்பு இல்ல. மணத்தத் திண்டுபோட்டுப் போய்ப் படுங்க" என்பாய். வாயாடி.

ஒரே மட்டக்களப்பில் பிறந்தும் நாம் சந்தித்துக்கொள்ள இந்தப் பாலைவனத்துக்கு வரவேண்டியிருந்தது. நான் டைப்பிங் கடையில் விசாப் பத்திரம் அடிக்கிறவள். நீ தையல் கடையில் கலியாண கவுன் தைக்கிறவள். நீ பறங்கியர் வீட்டுப் பெண் என்று உன் பெயரைக் கேட்டதுமே தெரிந்தது. எங்களோடு எங்களைப் போலவே தமிழ் கதைப்பாய். ஆனால் கோபம், செபம், கணக்குப் பிசகிய கவுன் என்று ஏதாவது வந்தால் உன் வீட்டுப் பாஷை எகிறி வெளியே விழும். நம் ஊரில் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் போய் எத்தனையோ தலைமுறை ஆகியும் உங்கள் வீடுகளில் தங்கிவிட்ட பாஷை அது.

நான் அதில் முதலில் படித்த வசனம் உன் ஏச்சுத்தான். செருப்போ சப்பாத்தோ, அறை வாசலில் கழற்ற எனக்கு ஒருநாளும் ஞாபகம் வராது. "சப்பாத்தைக் கழற்றிவிட்டு வா" என்று உன் பாஷையில் கத்துவாய். எனக்கு அதில் சப்பாத்து என்ற ஒரு சொல்தான் விளங்கும், அதுவே போதும். சப்பாத்துக் காலோடு நம் ஊருக்குள் வந்தவர்களின் பாஷையில் அதைக் கழற்றச் சொல்கிறாயே என்று ஒருதடவை கேட்டேன். "அவனுகளுக்கு அப்பவே ஆரும் சொல்லியிரிக்கோணும்" என்றாய்.

நம் அறையின் மூன்றாவது கட்டில்காரி மரிசெலை மறந்திருக்க மாட்டாய். பிலிப்பைன்ஸ்காரி, அழகு நிலையத்தில் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் சோறு வைக்க மேசையைத் துடைக்கும்போது அவளும் தன் பாஷையில், உன் பாஷையில் உள்ளதுபோலவே, "மேசா" என்றாள். நீ கரண்டியைக் கீழே போட்டுவிட்டாய். அதன்பிறகு அன்று யார் சாப்பிட்டது? துவாயைத் தூக்கிக் காட்டினாய், அவள் "துவால்யா" என்றாள். சப்பாத்தைக் காட்டினாய், "சபாத்தோஸ்" என்றாள். மூன்று பேரும் மூன்று கட்டிலையும் கிண்டிச் சாமான் தேடினோம். யன்னலில் மட்டும் வழி பிரிந்தது. உன் பாஷையில் அது கிட்டத்தட்ட நம் யன்னலேதான், அவளுக்கு அது "பிந்தானா". உனக்கு வந்த கவலையைப் பார்க்கவேண்டும், ஏதோ நிச்சயித்த கலியாணம் குழம்பியதுபோல.

கொர்பக்கான் கடற்கரைக்குச் சுற்றுலா போன நாளும் நினைவு வருகிறது. இந்தக் கரைக்கும் போர்த்துக்கேயர் வந்து ஊரை எரித்தார்கள் என்று எங்களைக் கூட்டிப்போன சாரதி சொன்னார். நான் உன்னைச் சீண்டினேன், "உன்ட சொந்தக்காரர்ற வேலையப் பாத்தயா?" என்று. நீ கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாய். "என்ட மூத்தாக்கள்ல பீரங்கியோட வந்தவனும் இரிக்கான், அவனக் கட்டின மட்டக்களப்புக்காரியும் இரிக்காள். நான் ஆரோட வழக்காடுற?" என்றாய். அதுக்கு மறுகா, ஒரு ஜூஸ் கடையில் ஆரஞ்சுத் தோடம்பழத்துக்கு அரபியில் "பொர்துகால்" என்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, "பாரன், இவ்வளவு ஆட்டம் ஆடினவனுகளப் பிழிஞ்சு குடிக்கிறாங்க" என்று வயிறு குலுங்கச் சிரித்தாய்.

ஆனால் ஒரு விசயத்தில் மட்டும் உனக்குச் சிரிப்பு வராது. உன் வீட்டில் ஒரு வழக்கம். வீட்டை விட்டுத் தூரம் போகிறவர் வாசல் தாண்டும்போது தாய் உங்கள் பாஷையில், "ஆண்டவரோட போ" என்பாள். நிற்கிறவர்களில் ஒருவர் அதே பாஷையில், "வீடு திறந்திரிக்கும், வா" என்று பதில் சொல்லவேண்டும். பதில் வராமல் போனவர் திரும்பி வரமாட்டார் என்பது உங்கள் வீட்டு நம்பிக்கை. உன் மகள் மெலனி இங்கே வந்து ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை எடுத்து, கூட வேலை செய்த மங்களூர்ப் பையனையே கலியாணமும் பேசிக்கொண்டாள். நீ சந்தோசப்பட்டதைவிடக் கவலைப்பட்டதுதான் அதிகம். "நான் சொல்லுவன். பதில் ஆர் சொல்லுற?" என்று ஊசியும் கையுமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாய். மெலனியோ, "மம்மி ப்ளீஸ், அந்தப் பாஷைய ஆக்களுக்கு முன்னால கதையாதீங்க" என்கிற பிள்ளை.

அப்போதுதான் தன் கவுனைச் சிறிதாக்க உன் தையல் கடைக்கு அந்தப் பிரேசில் அம்மா வந்தாள். அசல் போர்த்துக்கேய மொழிக்காரி. பதில் சொல்ல ஆள் கிடைத்துவிட்டாள் என்று, குண்டூசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஆசையாக உன் பாஷையில் நாலு வார்த்தை பேசினாய். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிள்ளைகள் மழலை பேசுவதுபோல இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கெட்ட மனசோடு சொல்லவில்லை, ஆனாலும் சொன்னாள். அன்று அறைக்கு வந்து நீ சாப்பிடவில்லை. "கலாஸ், முடிஞ்சுது. இனி நான் அதக் கதைக்க மாட்டன்" என்றாய். நான் வேண்டுமென்றே செருப்போடு உள்ளே வந்தேன். நீ தமிழில், "கழட்டு" என்றாய். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கவுனை எடுக்க அவள் மறுபடி வந்தபோது நானும் கடையில் இருந்தேன். அடக்கமுடியாமல் நானே கேட்டேன், அன்று ஏன் சிரித்தீர்கள் என்று. அவள் முகம் சிவந்துவிட்டது. தான் லிஸ்பனுக்குப் போனால் அங்குள்ளவர்கள் தன் பேச்சைக் கேட்டு இதைவிட மோசமாகச் சிரிப்பார்கள் என்றாள். பிறகு உன்னைப் பேசச் சொல்லிக் கெஞ்சினாள். நீ ஒரு சொல் சொல்ல, அவள் ஒன்று சொல்ல, மரிசெலின் யன்னல் கதையும் வந்தது. எல்லாம் இலத்தீன் என்ற தாய்க்குப் பிறந்த பிள்ளைகள்தான், யன்னலுக்குப் பிலிப்பைன்ஸை ஆண்ட ஸ்பானியக்காரர் வேறு சொல்லை எடுத்தார்கள், நாங்கள் வேறு எடுத்தோம் என்றாள். ஸ்பானியம் கேட்டால் தனக்குப் பாதிக்கு மேல் விளங்கும், இத்தாலியம் கொஞ்சம், பிரெஞ்சு என்றால் தலையிடி என்றாள். நமக்குக் கீழ்க்கடை மலையாளத்தார் பேச்சு விளங்குகிற மாதிரித்தான். அவள் போனபிறகு நீ சொன்னாய்: "அவங்க விட்டுப்போட்டுப் போனதுதானேடி. நாங்க பாவிச்சுப் பாவிச்சு எங்கட அளவுக்குத் தச்சிக்கிட்டம்."

பதில் சொல்ல அவளைக் கூப்பிடுவாய் என்றுதான் நினைத்தேன். நீ என்னைப் பார்த்தாய். "நீதான் சொல்லோணும்." நான் தமிழ்ச்சி, எனக்கு எப்படி என்றேன். "இவ்வளவு காலமும் அந்தப் பாஷையில பேச்சு வாங்கினவள் நீதானே" என்றாய். அன்றிரவே என்னை உட்காரவைத்து இரண்டு வசனத்தையும் பாடமாக்க வைத்தாய்.

கலியாணத்தன்று மெலனி நீ தைத்த வெள்ளைக் கவுனோடு சத்வா அறை வாசலில் நின்றாள். மரிசெல் நின்றாள், பிரேசில் அம்மா பூங்கொத்தோடு நின்றாள். நீ உன் வசனத்தைச் சொன்னாய். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வீடு திறந்திருக்கும், வா என்று சரியாகத்தான் தொடங்கினேன். ஆனால் அந்தப் பாஷையில் "வா" என்று வாயில் வந்தால் எனக்குப் பின்னால் வேறென்ன வரும்? சப்பாத்தைக் கழற்றிவிட்டு வா என்று முழுதாக முடித்துவிட்டேன். பிரேசில் அம்மாவுக்கு விளங்கிவிட்டது. மரிசெலுக்குச் சப்பாத்து விளங்கி மணப்பெண்ணின் காலைப் பார்த்தாள். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய், கண்ணீர் வடிய வடியச் சிரித்தாய். மெலனியும் சிரித்தபடியே படி இறங்கினாள். "பிழைச்சுப் போச்சேடி" என்றேன். "பதில் வந்திட்டுது. அது காணும்" என்றாய்.

உன்னை ஊருக்கு அனுப்பிய நாளில் அப்படி நடக்கவில்லை. சவப்பெட்டியை மூடுமுன் நான் உன் காதுக்குள் தாயின் வசனத்தைச் சொன்னேன். மெலனி வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நின்றாள். அவளிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. இரண்டையும் நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிவிட்டேனே தவிர, பதில் சொல்ல ஆளில்லாமல்தான் நீ போனாய் என்ற எண்ணம் இன்றுவரை என் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை. மெலனியைக் குறைசொல்ல வாய் வரவில்லை. கேட்கவும் துணியவில்லை.

இப்போது என் விசாவும் முடிந்தது, கால் மூட்டும் முடிந்தது. கடைசிக் கிழமை முழுக்க ஷார்ஜா ரோலாவில் மெலனி வீட்டில்தான் இருந்தேன். உன் பேத்தி ஆங்கிலத்தில் மட்டும்தான் சண்டை பிடிப்பாள், ஆனால் பிடிவாதம் அப்படியே உன்னுடையது. இன்று கீழே டாக்சி வந்து நின்றது. நான் வாசலில் குனிந்து சப்பாத்தை மாட்டிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே மெலனியின் குரல் கேட்டது. உன் பாஷையில், உன் இழுவையோடு, ஆண்டவரோட போ என்றாள். ஒற்றைக்கால் சப்பாத்தோடேயே நிமிர்ந்தேன். எப்போது படித்தாள்? உன் வாயைப் பார்த்தே வளர்ந்தவள்தானே, எல்லாம் உள்ளேயே இருந்திருக்கிறது.

போகிறவளே நான், பதில் சொல்ல அங்கே வேறு யார் என்று நினைத்து முடிக்குமுன், உன் பேத்தி, பாலர் பள்ளிப் பாட்டை ஒப்பிக்கிற மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு, அதே பாஷையில் சத்தமாகச் சொன்னாள்: "வீடு திறந்திரிக்கும், வா. சப்பாத்தைக் கழற்றிவிட்டு வா."

அது பதிலில் சேர்ந்ததில்லை, என் பிழை என்று நான் சொல்லப் போனேன். மெலனி தலையை ஆட்டினாள். "அது இல்லாட்டிப் பதில் இல்ல, ஆன்ட்டி" என்றாள்.

ஊருக்கு வந்ததும் முதலில் உன் கல்லறைக்குத்தான் வருவேன். பன்னீரில் மிச்சம் இருந்தால் தெளிக்கிறேன். உன் பேத்தியின் பதிலை உனக்கு அப்படியே சொல்லிக் காட்டவேண்டும், அவளைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு. வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு வருகிறேன், கத்தாதே.