இன்னும் ஒரு மாதம்

அபினாவின் அப்பாவுக்கு,

போனில் பேசாமல் ஏன் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறாள் என்று நினைப்பீர்கள்.

இங்கே சென்னையில் நாள் முழுவதும் ஒரு ரப்பர் குழந்தையை வைத்துப் பழகுகிறோம். பிறந்ததும் அழாத பிள்ளையை இத்தனை வருடமும் தலைகீழாகப் பிடித்து முதுகில் அடித்திருக்கிறேன். அது கூடாதாம். முதல் நிமிடத்துக்குள் முகமூடி வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். நம்ம ஊர்ப் பிரசவ வார்டில் மற்ற நர்சுகள் இன்றும் அடித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

என் கை நன்றாகப் பழகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அப்போது அபினாவின் நினைவு வரவில்லை. மாலையில் பால் கட்டி வலித்தபோதுதான் வந்தது.

நேற்று போனில் உங்கள் பின்னால் ததேயுஸ் அண்ணன் குரல் கேட்டது. "பொண்டாட்டி பள்ளிக்கூடம் போறா. இவன் கடலுக்கு வராம தொட்டில் ஆட்டுதான்."

நீங்கள் சிரித்தீர்கள். "ஏட்டி, இன்னும் ரெண்டு நாளுதானே. படிச்சிட்டு வா."

மற்ற நர்சுகளுக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிக்காக இன்னும் ஒரு மாதம் இருக்க முடியுமா என்று நேற்றுக் காலையில்தான் கேட்டிருந்தார்கள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். உடனே சரி என்று சொல்லிவிட்டேன்.

போனில் சொன்னால் நீங்களும் உடனே சரி என்பீர்கள். அதைக் கேட்க எனக்குத் துணிவில்லை.

நீங்கள் வேண்டாம் என்றால் வந்துவிடுகிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதை மட்டும் எழுத முடியவில்லை.

பிள்ளையின் அம்மா