எதோட பலம்?

இன்று காலை துறைக் கட்டடத்தின் பின்புறம் வெல்லம் கருகும் வாசனை. வெல்லம் இல்லை. சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு கலந்த மணல், எங்கள் சின்ன உலையில் வெந்துகொண்டிருந்தது. உலையை மூட்டியது நான்தான். இருந்தும் அந்த வாசனை வந்ததும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நிலையில் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு நீங்கள் நிற்பீர்கள் என்று.

வாசல் காலி. போன ஐப்பசியிலிருந்து காலி.

இன்று எனக்கு ஒரு குழு இருந்தது. என் தற்காலிக விரிவுரையாளர் வேலையை நிரந்தரமாக்குவதா என்று முடிவு செய்யும் குழு. என்ன கேட்பார்கள் என்று நேற்றே சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேதியியலா, வார்ப்படமா. ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்றதை விட வேண்டும்.

நான் சொன்ன பதிலை உங்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான் மறந்துவிடக் கூடாது.

*

நீங்கள் எனக்கு எதுவும் சொல்லித் தந்ததில்லை. உங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் இதைத் தவறாகச் சொல்கிறார்கள். குரு என்கிறார்கள். உங்களுக்கு வேதியியல் தெரியாது. என்னோடு ஆராய்ச்சி செய்த வரதனின் இயந்திரவியலும் பாதிதான் தெரியும். தெரிந்ததாக நீங்கள் காட்டிக்கொண்டதும் இல்லை.

நீங்கள் எனக்குச் செய்த முதல் ஆராய்ச்சி உதவி ஒரு சாவி. கும்மிடிப்பூண்டியில் வயல்களுக்கு நடுவே தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம். நீங்கள் சோதனைக்கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வார்ப்படச் சாலையில் பெண்களுக்கென்று கழிப்பறை கிடையாது. பெண்கள் அங்கே வருவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. நான் திருநின்றவூரில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, காலையில் வந்தால் மாலைவரை தண்ணீர் குடிக்காமல் இருப்பேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மேஜைமேல் ஒரு சாவியை வைத்தீர்கள்.

"இன்னாம்மா இது, தண்ணியே குடிக்காம ஒட்டகம் மாதிரி. விருந்தாளிங்க ரூம் சாவி இது. மேனேஜர் கேட்டா என்ன கை காட்டு."

அவ்வளவுதான். பிறகு அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அந்தச் சாவி இல்லாவிட்டால் என் ஆய்வேடு இல்லை. நன்றியுரையில் இதை எழுதினேன். என் நெறியாளர் அடித்துவிட்டார்.

இரண்டாவது உதவி மேஜை. சோதனைக்கூடத்தின் பின்னால் இருந்த தகரக் கொட்டகையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தீர்கள். நான் வேதியியல். வரதன் இயந்திரவியல். திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம் அவனுடையது. மாலையில் கரியும் மணலுமாகப் போனால், கொல்லையில் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் விடுவார்கள். முதல் வாரமே இருவரும் தனித்தனி மேஜை கேட்டோம்.

"அவ ஆசிட்ட என் காயிதத்து மேல வெக்கறா சார்."

"இவர் சுத்தியல் தட்டினா என் தராசு ஆடுது சார்."

நீங்கள் இருவரையும் பார்த்தீர்கள். "ரெண்டு மேஜை போட்டா ரெண்டு ஊடு ஆயிடும் நைனா. அப்பறம் நடுவுல சொவரு வரும். அப்பறம் சொவத்துக்கு அந்தாண்ட இருக்கறவன் முட்டாளா தெரிவான். இதுலயே குந்துங்க."

ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். தராசு ஆடியது. காகிதத்தில் ஓட்டை விழுந்தது. நீங்கள் வாசலில் நின்றுகொண்டிருப்பீர்கள். மேலாளர் எட்டிப் பார்க்க வந்தால் ஒரே பதில். "உள்ள வேல நடக்குது சார். அப்பறம் வாங்க."

உள்ளே பெரும்பாலும் சண்டைதான் நடந்துகொண்டிருந்தது.

*

பம்புகளின் இரும்பு உடலை வார்க்கும்போது உள்ளே வெற்றிடம் வேண்டும். அந்த இடத்தை அடைத்து நிற்பது மணலால் செய்த உள்ளச்சு. கோர் என்போம். சிலிகேட் கரைசலில் மணலைப் பிசைந்து, கரியமில வாயுவைச் செலுத்தினால் கல் மாதிரி இறுகும். உருகிய இரும்பு சுற்றிலும் உறையும்வரை அது நிற்க வேண்டும். உறைந்த பிறகு உதிர வேண்டும். எங்களுடையது நின்றது. உதிர மறுத்தது. உளியால் குடைந்து எடுப்பார்கள். பாதி நேரம் பம்பின் உடலே விரிசல் விட்டுவிடும்.

நிற்கவும் வேண்டும், உதிரவும் வேண்டும். இது வேதியியலா, இயந்திரவியலா என்று அப்போது எங்களை யாரும் கேட்கவில்லை. கோர் கேட்கவில்லை.

கழிவுப்பாகு கலந்தால் உதிரும் என்று கிட்டத்தட்டப் பிடித்துவிட்டோம். அந்த வாரம்தான் அது நடந்தது.

சுவரில் ஒரு கரும்பலகை. அதில் நான் எழுதினேன்: ஸ்ட்ரெங்த் அதிகம். குறைக்கவும். எனக்கே எழுதிக்கொண்ட குறிப்பு அது. வேதியியல்காரிக்கு ஸ்ட்ரெங்த் என்றால் கரைசலில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பது. புதிய பீப்பாயில் சிலிகேட் கெட்டியாக இருந்தது. தண்ணீர் சேர்த்தேன். மாலை வண்டிக்குப் போய்விட்டேன்.

எனக்குப் பின்னால் வரதன் வந்தான். பலகையைப் பார்த்தான். அவனுக்கு ஸ்ட்ரெங்த் என்றால் எவ்வளவு பாரத்தில் கோர் உடையும் என்பது. கோர் உடைய மறுப்பதுதானே எங்கள் நோய். அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தான். மணலில் கலக்கும் கரைசலின் பங்கைக் குறைத்தான்.

ஒரு சொல். இரண்டு பேர். இரண்டு தடவை குறைத்தாகிவிட்டது.

மறுநாள் இரும்பு ஊற்றியபோது கோர்கள் உள்ளேயே நொறுங்கின. தண்ணீர் ஓட வேண்டிய வயிற்றில் இரும்பும் மணலும் கட்டியாகக் கிடந்தன. அன்றைய வார்ப்பு முழுவதும் குப்பை.

"நீ எழுதினதத்தானே செஞ்சேன்."

"நான் உனக்கா எழுதினேன்?"

"பின்ன பலகை எதுக்கு? அழகுக்கா?"

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். உள்ளே வந்து, பலகையிலிருந்த அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தீர்கள்.

"பலம் அதிகம்னு எழுதிக்கிற. எதோட பலம்?"

"கரைசலோட," என்றேன்.

"கோரோட," என்றான் வரதன்.

ஒரே நேரத்தில் சொன்னோம். ஒருவரை ஒருவர் பார்த்தோம். நீங்கள் சிரித்தீர்கள். முற்றம் முழுக்கப் பாழான இரும்பு கிடக்கும்போது சிரித்த ஒரே ஆள் நீங்கள்.

*

அடுத்த வாரம் எங்கள் நெறியாளர்கள் இருவரும் நகரத்திலிருந்து ஒரே காரில் வந்தார்கள். காரில் பேசிக்கொண்டே வந்திருக்க மாட்டார்கள். மேலாளர் அறையில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நானும் வரதனும் நின்றோம். நீங்களும் நின்றீர்கள்.

என் நெறியாளர், இது வேதியியலே இல்லை, மாணவியைத் திரும்ப அழைத்துக்கொள்கிறேன் என்றார். அவனுடையவர், பையன் பலகையில் இருந்ததைத்தான் செய்தான் என்றார். மேலாளருக்குச் சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"என்னய்யா இது பேஜாரு. ரெண்டுல யார் தப்புன்னு சொல்லு. அந்த ஆள் கிளம்பட்டும். இன்னொருத்தர் இருந்து முடிக்கட்டும்."

சுலபமான வழி அது. எங்களில் ஒருவர் பிழைத்திருப்பார். நீங்கள் யார் பெயரைச் சொன்னாலும் மற்றவர் மறுத்துப் பேசியிருக்க மாட்டார். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த நேரத்தில் இருவருமே உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"யாரு தப்புன்னு கேட்டா பதில் இல்ல சார். எந்தச் சொல்லு தப்புன்னு கேளுங்க, சொல்றேன்."

"சொல்லா? வீணாப்போனது இரும்புய்யா."

"இரும்புதான் சார். ஒரு சொல்லுல கெட்டுது. ஒருத்தர அனுப்பிட்டா மீதி ஆளு தன் பாஷைய தனக்கே பேசிக்கினு இருக்கும். அதுல தப்பே வராது. வேற ஒண்ணும் வராது."

"அப்ப யார்தான்யா பொறுப்பு?"

"கூடம் என்னுது. பலகை என்னுது. என் பேர எழுதிக்குங்க. இவங்க ரெண்டு பேரும் இருக்கணும். ஒருத்தர் மட்டும்னா ரெண்டு பேருமே வேணாம், அனுப்பிடுங்க."

உங்கள் பெயரை எழுதிக்கொண்டார்கள். சோதனைக்கூடத்தை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். உங்களை மணல் முற்றத்துக்கு அனுப்பினார்கள். கொட்டகை எங்களிடமே இருந்தது. நீங்கள் கேட்டது அவ்வளவுதான், கிடைத்தது. சாப்பாட்டு இடைவேளையில் உடம்பெல்லாம் தூசியோடு வந்து அதே வாசலில் நிற்பீர்கள். உள்ளே வரச் சொன்னால், "தராசுல தூசி ஒக்காரும்" என்பீர்கள்.

அதன் பிறகு அந்த மேஜையில் ஒரு வழக்கம். யார் எந்தச் சொல்லைச் சொன்னாலும் மற்றவர் கேட்க வேண்டும். எதோட? சூடு என்றால், எதோட? சுத்தம் என்றால், எதோட? பதில் வராமல் அடுத்த வேலை இல்லை. வரதன் ஒருநாள் டீயைக் கீழே வைத்து, "சூடே இல்ல," என்றான். "எதோட?" என்றேன். "உன் மூஞ்சியோட," என்றான்.

பங்குனி வெயிலில் கோர் உதிர்ந்தது. மரச்சுத்தியலால் ஒரு தட்டு. பம்பின் வயிற்றிலிருந்து மணல் சர்க்கரைபோலக் கொட்டியது. வரதன் ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினான். நீங்கள் அதை விரல்களுக்கு நடுவே விட்டுப் பார்த்தீர்கள். "பேரு ரெண்டும் போடுங்க," என்றீர்கள். வேறு பாராட்டு இல்லை.

இரண்டு பெயரும் போட்டுக் கட்டுரையை அனுப்பினோம். வேதியியல் இதழ், இது பொறியியல் என்று திருப்பியது. பொறியியல் இதழ், இது வேதியியல் என்று திருப்பியது. உங்களிடம் சொன்னபோது நீங்கள் மண்வெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ரெண்டு ஊட்லயும் சோறு இல்லன்றானா? நாமளே பொங்கிக்கலாம்."

சைக்ளோஸ்டைலில் நகல்கள் உருட்டி, முகவரி கிடைத்த வார்ப்படச் சாலைக்கெல்லாம் அனுப்பினோம். இன்று அவற்றில் சிலவற்றில் பாகு வாசனை அடிக்கிறது. எந்த இதழிலும் இல்லை. காற்றில் இருக்கிறது.

*

உங்களை அந்தக் கோரோடு ஒப்பிடச் சொல்லி மனம் தூண்டுகிறது. மற்றவர் உறையும்வரை நின்று, பிறகு உதிர்ந்தவர் என்று. இரங்கல் கூட்டத்தில் ஒருவர் அப்படித்தான் பேசினார். கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. நீங்கள் உதிரவில்லை. உங்களைத் தூசியில் நிறுத்தினார்கள். உங்கள் நெஞ்சு கெட்டது அதனால்தான் என்று நிறுவ என்னிடம் சான்று இல்லை. சொல்லாமலிருக்கவும் முடியாது.

கடைசியாக உங்கள் பொன்னேரி வீட்டில் பார்த்தோம். ஜன்னலோரக் கட்டில். வெளியே நாற்று நட்டிருந்தார்கள்.

"பலம் இல்லம்மா," என்றீர்கள்.

வரதன்தான், அழுதுகொண்டே, பழக்கத்தில் கேட்டுவிட்டான். "எதோட பலம் சார்?"

நீங்கள் சிரித்தீர்கள். இருமல் அடங்க நேரமாயிற்று.

"ஒடம்போட நைனா. ஒடம்போட மட்டும்தான்."

*

குழு. நீள மேஜை. அவர்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். துறைத் தலைவர் அன்பாகத்தான் தொடங்கினார்.

"பாரும்மா. நீ நல்லா வரணும்னுதான் கேக்கறோம். எதுல உன் பலம்னு முடிவு பண்ணிக்கோ. ரெண்டுலயும் கால் வெச்சா எங்கயும் நிக்க முடியாது. இப்ப சொல்லு, உன் பலம் எது?"

நான் யோசிக்கவில்லை. வந்துவிட்டது.

"எதோட பலம் சார்?"

யாரோ பேனாவை மூடும் சத்தம் கேட்டது.

பிறகு சொன்னேன். என் பலமென்று தனியாக ஒன்று இல்லை. என்னையும் வரதனையும் ஒரே மேஜையில் உட்கார வைத்ததுதான் அந்த வேலையின் பலம். பாதியை விட்டால் மற்றப் பாதி மிஞ்சாது. ஆகவே எதையும் விடப்போவதில்லை. என்னிடம் புதிதாக ஆய்வுக்குச் சேர்ந்திருக்கும் இரண்டு மாணவர்களையும் பிரிக்கப்போவதில்லை. எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

நிரந்தரம் இல்லை. இந்தக் கல்வியாண்டு முடியும்வரை இருக்கலாம். உலை இருக்கும் பின்கட்டு அறையைத் திரும்பக் கொடுக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்துச் சொல்லச் சங்கடப்பட்டு, மேஜையைப் பார்த்துச் சொன்னார்கள்.

அறைக்குத் திரும்பினேன். உங்கள் கொட்டகையை இடித்தபோது நானும் வரதனும் லாரியில் ஏற்றி வந்த மேஜைதான் அங்கே கிடக்கிறது. அதன் ஒரு பக்கம் அத்திப்பட்டிலிருந்து வருகிற பௌதிகப் பெண். எதிரே ஓர் இயந்திரவியல் பையன். இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் தனி மேஜை வேணும் மேடம்," என்றாள் அவள். "எனக்கும்," என்றான் அவன்.

"இல்லை," என்றேன்.

பிற்பகலில் அறையை அளக்க அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். கையில் நாடா. கல்வியாண்டு முடிய இன்னும் நாள் இருக்கிறது, இப்போதே வந்துவிட்டார். உள்ளே அந்த இருவரும் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். உலையில் பாகு கருகிக்கொண்டிருந்தது.

நான் வாசலுக்குப் போனேன். நிலையில் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டேன்.

"உள்ள வேல நடக்குது," என்றேன். "அப்பறம் வாங்க."