ஏழாவது வரிசைப் படங்கள்

வங்காலை,
14 ஆனி 2025.

அன்புத் தம்பி றெனால்டுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் இங்கு சுகம். நீயும் யசிந்தாவும் பிள்ளை டினோஜாவும் அங்கு சுகமாயிருக்க, செபமாலையில் கடைசிப் பத்து மணியை உங்கள் மூவருக்குமாக ஒதுக்கி வைத்திருக்கிறேன். அருளப்பு அண்ணரின் மகள் றெபேக்கா புதன்கிழமை பாரிசுக்கு வருகிறாள். அவளிடம் பாரைக் கருவாடும் ஒடியல் மாவும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன். யசிந்தாவுக்குத் தனிக் கடதாசி வைத்திருக்கிறேன். அதில் கருவாட்டைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறேன். இதை நீ மட்டும் வாசி. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நீ போனைச் சத்தமாக வைத்து வீடு முழுக்கக் கேட்கக் கதைக்கிறவன்.

நீ போன வருடம் தந்த இணையப் படக் கணக்கைப் பற்றித்தான் எழுத வந்தேன். பென்சன் எடுத்த ரீச்சர் பின்னேரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது, படம் பாருங்கோ அக்கா என்று உன் கணக்கையே எனக்கும் தந்தாய். ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் ஓடும் என்றபடியால், வங்காலைப் பின்னேரம் எனக்கு, பாரிஸ் இரவு உனக்கு என்று பிரித்தோம். கிழமையில் மூன்று நாள் பஹ்மிதா ரீச்சரும் மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு பஸ் ஏறி வந்துவிடுவா. பதினெட்டு வருடம் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவ. இப்போது படங்களுக்குப் புள்ளி போடுகிறோம்.

முதல் வரிசையில் அந்தக் கம்பனி கொண்டுவந்து தள்ளுகிறதைப் பற்றி என்ன சொல்ல. நாட்டின் முதல் பத்து என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். எந்த நாட்டில் யார் எண்ணினார்களோ. போன மாதம் முதலிடத்தில் நின்றதைப் பார்த்தோம். கதாநாயகன் கடற்றொழிலாளியாம். இரண்டே முக்கால் மணி நேரம் ஓடியது, அவன் இடுப்பில் கட்டியிருந்த சாரம் ஒரு தரமும் நனையவில்லை. வலையைத் தோளில் போட்டிருந்த விதத்தைப் பார்த்து, இவர் கடலுக்குப் போறாரோ கலியாணத்துக்குப் போறாரோ என்று பஹ்மிதா கேட்டா. நாற்பது பேரைத் தனியே அடித்தான். அடி வாங்க வந்தவர்கள் தங்கள் முறை வரும்வரை வரிசையில் பொறுமையாக நின்றார்கள். என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு நாளும் அப்படி நின்றதில்லை. நடுவில் இலங்கைப் பெண் என்று ஒருத்தி வந்தாள். அவள் கதைத்த தமிழ் மன்னாரிலும் இல்லை, மட்டக்களப்பிலும் இல்லை. நூற்றுக்கு எட்டுப் போட்டேன். அந்த எட்டும் ஆட்டுக்கு. ஒரு காட்சியில் ஓர் ஆடு மட்டும் கமராவைப் பார்க்காமல் தன் பாட்டில் குழை தின்றது.

நல்ல படங்களை அவர்கள் கீழே ஒளித்து வைக்கிறார்கள், கடைக்காரன் நல்ல அரிசியைப் பின்னுக்கு வைப்பது போல. விரல் நோகத் தள்ளிக்கொண்டு போனால் ஏழாவது வரிசை வரும். அங்கே ஓர் உப்பளப் படம் இருக்கிறது. பாட்டு இல்லை, சண்டை இல்லை. ஒரு பெண் பழுதான தண்ணீர்ப் பம்பை அரை மணி நேரம் கழற்றிப் பூட்டுகிறாள். இதென்ன படம், மோட்டார் திருத்துற வகுப்போ என்று பஹ்மிதா முதலில் நக்கலடித்தா. கடைசியில் பம்ப் ஓடித் தண்ணீர் பாத்திக்குள் பாய்ந்தபோது, கதிரையை விட்டு எழும்பிக் கை தட்டினதும் அவதான். எண்பத்தாறு. அதற்குப் பக்கத்தில், பஸ்ஸில் யாரோ விட்டுப்போன ஒற்றைக் கால் சப்பாத்தைக் கொண்டு ஊரெல்லாம் திரிகிற கொண்டக்டரின் கதை. எண்பத்தொன்று. இவற்றை மனிதர் பார்க்கமாட்டார்கள் என்று எப்படித் தீர்மானித்தார்களோ, அவர்களுக்கு மனிதரைத் தெரியாது.

உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உன் பெயரில்தானே நானும் திறக்கிறேன். நீ பார்த்ததெல்லாம் எனக்கும் தெரிகிறது. இந்த இரண்டு மாதத்தில் முப்பத்தொரு படம் தொடங்கியிருக்கிறாய். எல்லாம் முதல் வரிசைக் குப்பை. அந்தக் குப்பையையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. படத்துக்குக் கீழே எவ்வளவு பார்த்தாய் என்று காட்டுகிற சிவப்புக் கோடு எல்லாவற்றிலும் விரற்கடைதான். சின்னனில் கணக்குப் பாடத்தில் புள்ளி குறைந்தால் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழும்புவாய். அம்மா வயிற்று வலி என்று நினைப்பா. நான் போய் மெத்தைக்குக் கீழே றிப்போட்டைத் தேடி எடுப்பேன்.

நான் பழைய வகுப்பறைப் பழக்கத்தில் நாள் நாளாகக் குறித்து இடாப்புப் போடுகிறவள். சித்திரை இருபத்தெட்டில் தொடங்கியது. இங்கு பின்னேரம் இரண்டு மணிக்குப் படம் போட்டால், தொடக்கத்திலோ நடுவிலோ, வேறோர் இடத்தில் இந்தக் கணக்கு ஓடுகிறது என்று எழுத்து வந்து நின்றுவிடும். உனக்கு அப்போது காலை பத்தரை. உணவகக் குசினியில் நீ வெங்காயம் வெட்டி முடிக்கிற நேரம். இருபத்தாறு நாள் அப்படி நின்றது. ஒரு சனி இல்லை, ஒரு ஞாயிறு இல்லை. டினோஜாவுக்குப் பள்ளிக்கூட விடுமுறை நாளும் இல்லை. யசிந்தா வேலைக்குப் போய், பிள்ளை பள்ளிக்கூடம் போன நாட்களில் மட்டும். முதல் நாள் பஹ்மிதா, தம்பிக்கு இண்டைக்கு லீவாக்கும் என்றா. ஓம், லீவுதான் என்றேன். பிறகு அவ கேட்கவில்லை. எழுத்து வந்தால் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுவா. யசிந்தாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, முதலாளி வேலைக்கு மேல வேலை தாறான் அக்கா, மூச்சு விட நேரமில்லை என்றாய். ஓம் தம்பி, கவனம் என்றேன்.

ஏழாவது வரிசையில் இன்னொரு படம் இருக்கிறது, இடப்பக்கத்தில் இருந்து நாலாவது. குளிர் நாடு ஒன்று. மகனுக்கு அக்கரைக்குப் போகிற படகில் வேலை. தாய் தூரத்து ஊரில். படகு நின்று போய் மாதக்கணக்கு. மகன் ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, இன்று நாலு தரம் போய் வந்தோம், அலை பெரிது என்று தாய்க்குச் சொல்கிறான். தாயிடம் ஒரு றேடியோ இருக்கிறது. கடல் உறைந்துவிட்டது, ஒரு படகும் ஓடவில்லை என்று அது காலையிலேயே சொல்லிவிடுகிறது. அவளோ, குளிர்ச்சட்டை போடு மகனே என்று மட்டும் சொல்லிப் போனை வைக்கிறாள். பஹ்மிதா அந்தத் தாய்க்குத் தொண்ணூறு போட்டா. நான் நாற்பதுக்கு மேல் போடமாட்டேன். தெரிந்துகொண்டும் வாய் திறக்காமல் இருந்து, பிள்ளையைத் தனியே பொய் சொல்லிக் களைக்க விடுகிறவளுக்கு வேறென்ன போட.

ஆனால் அந்தத் தாய் பிறகு கேட்டாளா, மகன் தானாகச் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. ஒரு மணி பத்து நிமிடத்தில், நல்ல இடத்தில், அந்த எழுத்து வந்து நின்றுவிட்டது. அது செவ்வாய்க்கிழமை. அதற்குப் பிறகு நான் அதைத் தொடவில்லை.

நீ அதைத் தொடக்கத்தில் இருந்து பார். சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பாதே. முடிவு என்ன என்று எனக்குச் சொல்லு. எப்படிப்பட்ட முடிவென்றாலும் நான் புள்ளி வெட்டமாட்டேன். இனி நான் இரண்டு மணிக்குப் படம் போடுவதில்லை. அந்த நேரத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பேன். நீ போனைச் சத்தமாக வைக்காமல், காதோடு வைத்துக் கதை.

மருதமடு மாதா உன் வாசலில் நிற்பா. குளிர்ச்சட்டை போடு என்று நான் எழுதமாட்டேன்.

உன் அன்பு அக்கா,
பிரான்சிஸ்கா