உன் நாற்பது கேள்விக்கும் நான் போட்ட மார்க்

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது.

நான் நலம். நீயும் மருமகளும் நலமாகத்தான் இருப்பீர்கள், இல்லையென்றால் அதற்குள் நாலு போன் வந்திருக்கும். அப்பா நலமா என்று மட்டும் கேட்காதே, அதற்கான பதில் ஒரு வரியில் அடங்காது, அதனால்தான் இத்தனை தாள். போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் நான் மூன்றாவது வாக்கியத்தைத் தொடும்போதெல்லாம் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. காகிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது. எழுதி முடித்துப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன், உட்கார்ந்து படி, நடந்துகொண்டே படிக்காதே.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன், திட்டுவது பிறகு. வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்த முதியோர் இல்லத்தில் அப்பாவை இரண்டாம் மாடியிலிருந்து நான்காம் மாடிக்கு மாற்றப் போகிறார்கள். இரண்டாம் மாடியில் பிடித்து நடக்கக் கம்பி இருக்கிறது, நடக்கப் பழக்கும் பயிற்சிக்காரம்மா இருக்கிறாள். நான்காம் மாடியில் கட்டில் இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, அதோடு சரி. அங்கே போனவர் தன் காலால் இறங்கி வந்ததை அங்கே வேலை பார்ப்பவர்களே பார்த்ததில்லையாம். அதற்குச் சம்மதம் என்று போன வெள்ளிக்கிழமை அங்கிருந்தபடியே போனில் விரலால் கையெழுத்துப் போட்டவன் நீ. அதை ரத்து செய்யவும் உன்னால்தான் முடியும். நாற்பத்தொரு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்திய எனக்கு அந்த உரிமை இல்லை. சேர்த்த அன்று பொறுப்பாளர் யார் என்று கேட்டார்கள், என் மகன் படித்தவன், வெளிநாட்டில் இருக்கிறான், அவன் பெயரைப் போடுங்கள் என்று பெருமை பேசியவள் நான்தான். அந்தப் பெருமைக்கு இப்போது அனுபவிக்கிறேன்.

நீ ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோதே ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார், பேச்சு திரும்புவது சந்தேகம், நடை திரும்பும் என்று. அதே போல அந்த இல்லத்தில் முதல் இரண்டு வாரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு அடி வரை நடந்தார். பிறகு திடீரென்று நின்றுவிட்டார். எழுப்பி நிறுத்தினால் காலை எடுத்து வைக்க மாட்டேன் என்கிறார். அவருக்கு மிச்சமிருப்பது வேண்டாம், போதும் என்ற இரண்டே வார்த்தை. எது கேட்டாலும் வேண்டாம், கையைப் பிடித்தால் போதும். பயிற்சிக்கு ஒத்துழைக்கவில்லை, பயம், மனக்குழப்பம் என்று எழுதி உனக்கு அனுப்பினார்கள். அதன் மேல், நீ கையெழுத்துப் போடுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினாய். அப்பா அப்பா என்று நீ கூப்பிடக் கூப்பிட அவர் யாரையோ பார்ப்பது போல வெறித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீ அழுதாய். அப்பாவுக்கு என்னையே தெரியலம்மா, இனிமே எங்க இருந்தா என்ன என்று சொன்னாய். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

மூன்றாவது காரணம், உன் நாற்பது கேள்வி. இல்லத்தின் தரத்தை அளந்து பார்க்க எங்கிருந்தோ எடுத்து அனுப்பினாயே, ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று போடச் சொல்லி. நடைபாதையில் நாற்றம் உண்டா, பணியாளர்கள் சிரித்த முகமா, படுக்கை விரிப்பு தினமும் மாறுகிறதா என்று. ஆடைக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டினேன். பண்டலின் மேலே இருக்கும் பீஸை எடுத்துப் பார்ப்பவள் செக்கர் இல்லை, மேலே எப்போதும் நல்லதைத்தான் வைப்பார்கள், நடுவிலிருந்து உருவு, உருவி உள்பக்கத்தைத் திருப்பு என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன். அந்த நான் கழுத்தில் கயிறு போட்ட பேனாவோடு மாடி மாடியாக நடந்து, சிரித்தார்களா சிரித்தார்கள் ஐந்து, மணத்ததா மணத்தது ஐந்து என்று மேல் பீஸாகவே பார்த்து வந்திருக்கிறேன். உன் இருபத்தேழாவது கேள்வி என்ன தெரியுமா, முதியவருக்கு அவருடைய கண்ணாடியும் காது மெஷினும் தவறாமல் அணிவிக்கப்படுகிறதா என்பது. அதற்கும் ஐந்து. ஐந்து மட்டுமா, பக்கத்தில் ஒரு பாராட்டு வேறு எழுதினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி வீசுகிறார், ஆனாலும் பணிப்பெண் பொறுமையாகப் பின்பக்கம் எலாஸ்டிக் கயிறு கட்டிப் போட்டுவிடுகிறார் என்று.

இந்தப் புதன்கிழமை மாற்றல் தாளை என் கையில் கொடுத்தார்கள். அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். அவர் கண்ணாடியில் கஞ்சி தெறித்துக் காய்ந்திருந்தது, கயிற்றை அவிழ்த்து எடுத்துக் கைக்குட்டையால் துடைத்தேன். துடைக்கும்போது மடியில் அந்தத் தாள் கிடக்கிறது, கண்ணாடி வழியாக அதன் எழுத்தெல்லாம் எறும்பு எறும்பாகச் சுருங்கித் தெரிகிறது. உன் அப்பாவின் கண்ணாடி எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும், சின்ன வயதில் நீ அதை வைத்து வெயிலில் காகிதம் பொசுக்கி அடி வாங்கியவன். இது சுருக்குகிறது. நான் போட்டுப் பார்த்தேன், தரை எங்கேயோ பள்ளத்தில் கிடந்தது, கட்டிலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். விசாரித்தால், பத்தொன்பது நாளாக அவர் முகத்தில் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தது பக்கத்துக் கட்டிலில் இருந்த கணக்கு வாத்தியாரின் கண்ணாடி. வாத்தியார் குணமாகி வீட்டுக்குப் போனதும் பத்தொன்பது நாள் முன்புதான். சாயங்காலமானால் அந்த அறையின் கண்ணாடிகளை ஒரே கிண்ணத்தில் போட்டுக் கழுவுகிறார்கள், கழுவியதில் கட்டில் நம்பர் ஒட்டிய காகிதம் ஊறிப் போய்விட்டது, இரண்டும் கறுப்பு பிரேம்.

முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர் அவர். முன்கண்ணாடியில் புகை மூடினால் எவன் ஹாரன் அடித்தாலும் வண்டியை நகர்த்த மாட்டார், பின்னால் இருக்கிற அறுபது உயிருக்கு நான்தான் பதில் சொல்லணும் என்பார். அவரைத்தான் ஒத்துழைக்கவில்லை என்று எழுதினார்கள். அவர் வேண்டாம் வேண்டாம் என்றது நடையை இல்லை, கண்ணாடியை. கழற்றி வீசினார், பிடுங்கி எறிந்தார், ஒரு மனுஷன் வாயில்லாமல் இதற்கு மேல் எப்படிச் சொல்வான். நானே அவர் கையைத் தட்டிவிட்டு, சும்மா இருங்க, சின்னக் குழந்தையா நீங்க என்று அதட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

மேனேஜரிடம் போனேன். நான் அவருக்குப் பல்லழகர் என்று பெயர் வைத்திருக்கிறேன், வீடு பற்றி எரிகிறது என்று சொன்னாலும் முப்பத்திரண்டையும் காட்டிவிட்டுத்தான் பதில் சொல்வார். ஒரு சின்ன மிஸ்டேக்மா, யாரும் வேணும்னு செய்யலையே என்றார். பிறகு பைலை எடுத்து என் முன்னால் வைத்தார். பத்தொன்பது நாளும் காலை, மதியம், மாலை, கண்ணாடி அணிவிக்கப்பட்டது என்று டிக், பக்கத்தில் கையெழுத்து. எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கும்மா என்றார். அவர் சொன்னது உண்மை, அதுதான் என் வயிற்றெரிச்சல். ஒரு டிக்கும் பொய்யில்லை. கண்ணாடி அணிவித்தார்கள்தான். யாருடைய கண்ணாடி, அதில் இவருக்குக் கண் தெரிகிறதா என்று கேட்க அந்தத் தாளில் கட்டமில்லை. நான் விடவில்லை, கொஞ்சம் சத்தமாகத்தான் பேசினேன், கீழே வரவேற்பு வரைக்கும் கேட்டதாம். அப்போது அவர் தன் போனைத் திருப்பிக் காட்டினார். இல்லத்தின் இணையப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரம், கீழே எலாஸ்டிக் கயிறு, பொறுமையான பணிப்பெண் என்று என் வார்த்தை, மேலே உன் பெயர். உங்க வீட்லேர்ந்தே இப்படிப் போட்டிருக்கீங்களேம்மா என்று இன்னும் நாலு பல் கூடுதலாகக் காட்டினார். அடேய், பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்டாயா. அப்படி வெட்கித் தலைகுனிந்து நான் எந்தக் கம்பெனி ஆபீஸிலும் நின்றதில்லை.

அந்தப் பணிப்பெண்ணை, ஓட்டம் என்று எல்லோரும் கூப்பிடுவார்கள், அவள் நடந்து யாரும் பார்த்ததில்லை, பதினேழு பேருக்கு ஒருத்தி, அவளை நாளைக்கே அனுப்பிவிடுகிறேன் என்று பல்லழகர் எனக்கு லஞ்சம் போல நீட்டினார். வேண்டாம் என்றேன். அவள் மேலும் எனக்குக் கோபம்தான், கயிறு கட்டிய கை அவளுடையது. ஆனால் அந்தக் கட்டிடத்தில் அவள் ஒருத்திதான், அவரு வீசினப்ப ஏன்னு நான் பாத்திருக்கணும்மா, எனக்குத் தோணவே இல்ல என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அவளை அனுப்பிவிட்டு இன்னொருத்தியை இருபது பேருக்கு ஓடவிடுவார்கள், அதே தாளில் டிக் விழும்.

வாத்தியார் வீட்டு விலாசத்தை வாங்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி நானே போனேன். அவர் மகள் கதவைத் திறந்தாள். உள்ளே மனுஷன் உன் அப்பாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரைத் தடவித் தடவி நடக்கிறார். அப்பாவுக்குப் பார்வை சுத்தமா போயிடுச்சு, கண் டாக்டர்கிட்ட அடுத்த மாசம்தான் நேரம் கிடைச்சிருக்கு என்று அவள் மூக்கை உறிஞ்சினாள். நான் பையிலிருந்து அவருடைய கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீங்க யாரு என்றார், பிறகு மகளைப் பார்த்து, ஏம்மா இவ்ளோ இளைச்சுப் போயிட்டே என்று கேட்டார். அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அங்கே நிற்க நேரமில்லை.

நேற்று மதியம் உன் அப்பாவுக்கு அவர் கண்ணாடியைப் போட்டேன், கயிறு இல்லாமல். கழற்றவில்லை. அறையை ஒரு சுற்று பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் காலைப் பார்த்தார். பயிற்சிக்காரம்மா பிடித்து நிறுத்தினாள். ஒன்பது அடி நடந்தார். பத்தாவதில் முழங்கால் மடங்கியது, உட்கார வைத்தோம், போதும் என்றார், அந்தப் போதும் நியாயமான போதும். பயிற்சிக்காரம்மா தன் குறிப்பில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். அதைப் பல்லழகரிடம் காட்டினால், பொறுப்பாளர் சம்மதம் வந்து பைல் முடிஞ்சிடுச்சும்மா, கட்டிலையும் வேற ஒருத்தருக்குச் சொல்லியாச்சு, மாத்தணும்னா உங்க பையன் எழுதித் தரட்டும் என்கிறார். சட்டம் பேசுகிறார், பேசட்டும். பிறகு போன வாரம் நீங்கள் இருவரும் எடுத்து அனுப்பிய படத்தை அவரிடம் காட்டினேன். தெரிகிறதா என்றுகூட நான் கேட்கவில்லை. போனை இடது கையால் கிட்டே இழுத்துப் பார்த்தார், தன் காதோரத்தைத் தொட்டுக் காட்டினார், பிறகு உன்னைக் காட்டினார். உனக்குக் காதோரம் நரைத்திருக்கிறது. தினமும் அந்தப் படத்தைப் பார்க்கிற எனக்கு அது தெரியவில்லை. அவருக்கு உன்னைத் தெரியவில்லை என்று சொன்னாயே, உன்னை அவருக்குத் தெரியாமல் செய்து வைத்திருந்தோம்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான், சுற்றி வளைக்காதே, பெண்டாட்டியிடம் கலந்து பேசுகிறேன் என்று நாளைக் கடத்தாதே. மாற்றத்துக்கு நான் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், மறுபடி பரிசோதிக்க வேண்டும், இனி பொறுப்பாளர் என் அம்மா என்று மூன்று வரி எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர்களுக்கும் எனக்கும் அனுப்பு. அந்த நட்சத்திரங்களை இறக்கு. விமானம் ஏறி ஓடி வர வேண்டாம், வந்தால் உன்னைச் சமாதானப்படுத்தவே எனக்கு இரண்டு நாள் போய்விடும். நாற்பது கேள்வியை இன்னொரு முறை எனக்கு அனுப்பாதே, என்ன கேட்க வேண்டும் என்று இப்போது எனக்கே தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்குச் சாயம் கீயம் பூசிக்கொள்ளாதே. இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், பெற்ற வயிறு அதை எப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது, வாய்தான் இன்னும் இறங்கி வரவில்லை.

ஞாபகம் வைத்துக்கொள், திங்கட்கிழமை, காலை பத்து மணி, எங்கள் ஊர் நேரம். நான்காம் மாடி விஷயத்தை நான் அவரிடம் மறைக்கவில்லை, தாளைக் காட்டினேன், படித்தார். கீழே கையெழுத்து இருந்த இடத்தை விரலால் தட்டி, யார் என்று கண்ணாலேயே கேட்டார். ஆபீஸில் யாரோ போட்டிருக்கிறார்கள் என்று சொல்லி, அவர் குனிந்து பார்ப்பதற்குள் தாளை மடித்துவிட்டேன். திங்கட்கிழமை பத்து மணி வரைக்கும் அந்தப் பொய்யை நான் தாங்குவேன்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத
உன் அம்மா